அலர்ஜி வந்த எலியின் ரத்தத்தில் ஜிங்க் எங்கே போகிறது?

"ஒவ்வாமை உண்டாக்கப்பட்ட விலங்குகளின் ரத்தத்தில் துத்தநாகம் (ஜிங்க்) குறைந்தது, செம்பு கூடியது." இந்த மாதிரி வரிகள் ஆய்வுச் சுருக்கங்களில் அடிக்கடி கண்ணில் படும். எலி, முயல், கினிப்பன்றி என்று விலங்கு மாறும், வரி பெரிதாக மாறாது. அதைப் படித்த கையோடு ஒருவர் "ஜிங்க் குறைவதால்தான் அலர்ஜி வருகிறது" என்று வாட்ஸ்அப்பில் எழுதிவிடுவார், இன்னொருவர் மெடிக்கல் ஷாப்புக்குப் போய் ஒரு அட்டை மாத்திரை வாங்கிவிடுவார். கொரோனா நேரத்தில் வைட்டமின் சியும் ஜிங்க்கும் எப்படிப் பறந்தன என்று எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எனக்கு இந்தத் தாவல் மேல் ரொம்ப நாளாக ஒரு எரிச்சல். குறைந்தது என்றால் எங்கே குறைந்தது, எப்போது குறைந்தது, எந்த மிருகத்தில் குறைந்தது? இந்த மூன்றையும் கேட்காமல் அந்த வரியை நம்பவே கூடாது என்பது என் கட்சி.

மிருகத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். 1901 கோடையில் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் ஆராய்ச்சிக் கப்பலில் சார்லஸ் ரிஷே, போல் போர்ட்டியே என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் போனார்கள். கடலில் மிதக்கும் ஃபைசாலியா என்ற கொட்டும் உயிரினத்தின் விஷத்தை ஆராய்வதுதான் வேலை. பாரிஸ் திரும்பிய பிறகு அது கிடைக்காததால் கடல் சாமந்தியிலிருந்து சாறு எடுத்து நாய்களுக்கு ஊசி போட்டுப் பார்த்தார்கள். அதில் நெப்டியூன் என்று ஒரு நாய், நல்ல திடகாத்திரமான நாய். முதல் ஊசிக்கு ஒன்றும் ஆகவில்லை. 22 நாள் கழித்து, அது நன்றாக ஓடியாடிக்கொண்டு இருக்கும்போது, அதே அளவை மறுபடி போட்டார்கள். சில விநாடிகளில் மூச்சு வாங்க ஆரம்பித்தது, நடக்க முடியாமல் உடம்பை இழுத்துக்கொண்டு போய் ஒருக்களித்துப் படுத்தது, வயிற்றுப்போக்கு, ரத்த வாந்தி, 25 நிமிடத்தில் செத்துப்போனது. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கினால் விஷத்தைத் தாங்கும் சக்தி வரும் என்பதுதான் அன்றைய நம்பிக்கை. இங்கே பழகிய உடம்புதான் செத்தது. இதற்கு அனாஃபிலாக்சிஸ் என்று பெயர் வைத்து 1902இல் வெளியிட்டார்கள். 1913இல் ரிஷேவுக்கு நோபல் பரிசு கிடைத்தது, போர்ட்டியேவுக்குக் கிடைக்கவில்லை.

அப்புறம் ஆளாளுக்கு ஒரு விலங்கை எடுத்துக்கொண்டு இதையே செய்து பார்த்தார்கள், அங்கேதான் வேடிக்கை தொடங்கியது. தொண்டை அடைப்பான் மருந்தைச் சோதிக்க வைத்திருந்த கினிப்பன்றிகள் குதிரை சீரத்தின் (ரத்தம் உறைந்த பிறகு மிஞ்சும் திரவம்) இரண்டாவது ஊசியில் பொத்தென்று விழுந்து செத்தன. ஏன் செத்தன என்று 1910இல் ஆவர், லூயிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அறுத்துப் பார்த்தபோது, மூச்சுக் குழல்கள் இறுகிப்போய், உள்ளே போன காற்று வெளியே வர வழியில்லாமல் நுரையீரல் உப்பி நின்றது. சாதாரணமாக மார்பைத் திறந்ததும் நுரையீரல் சுருங்கிவிடும், இதில் சுருங்கவே இல்லை. நாய்க்கு அப்படி இல்லை, அதற்கு அடி விழுவது கல்லீரலில். கல்லீரலிலிருந்து ரத்தம் வெளியேறும் நாளங்கள் இறுகி, ரத்தம் அங்கேயே தேங்கி, ரத்த அழுத்தம் சரிந்துவிடும். முயலுக்கு நுரையீரல் தமனி சுருங்கி இதயத்தின் வலது பக்கம் திணறும். சுண்டெலிக்கு இன்னும் வித்தியாசம், அலர்ஜியில் நாளங்களைத் தளர்த்துகிற ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் அதற்குப் பெரிதாக உறைக்காது, நாம் அலர்ஜி என்றதும் சொல்லுகிற ஐ.ஜி.ஈ. என்ற எதிர்ப்பொருள் இல்லாமலே ஐ.ஜி.ஜி. வகை எதிர்ப்பொருளை வைத்தும் ரத்த அழுத்தம் சரியும் அதிர்ச்சியில் (ஷாக்) விழும். ஒரே வினை என்று பெயர், ஆனால் நான்கு மிருகத்தில் நான்கு விதமாக நடக்கிறது. இதில் ஒன்றின் கல்லீரலில் இத்தனை மைக்ரோகிராம் செம்பு என்று அளந்துவிட்டு அதை இன்னொன்றுக்குப் பொருத்தினால் என்ன அர்த்தம்?

இன்றைக்கு ஆய்வுக்கூடங்களில் பெரும்பாலும் ஓடுவது சுண்டெலி முறைதான். பால்ப்-சி என்ற வெள்ளை ரகம். கோழி முட்டை வெள்ளைக்கருவில் இருக்கும் ஓவால்புமின் புரதத்தை அலுமினிய உப்போடு கலந்து வயிற்றுக்குள் ஊசி, இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒன்று. பிறகு அதே புரதத்தை நெபுலைசர் வழியாக மூச்சில் இழுக்க வைப்பார்கள். முதல் ஊசிகளில் டி-செல்கள் என்ற நோய் எதிர்ப்பு வெள்ளையணுக்கள், இன்டர்லூகின் 4, 5, 13 என்ற சேதிப் புரதங்களைச் சுரக்கிற பக்கம் சாய்கின்றன. நான்கும் பதின்மூன்றும் எதிர்ப்பொருள் செய்கிற பி-செல்களை ஐ.ஜி.ஈ. செய்யத் தள்ளும், ஐந்து எலும்பு மஜ்ஜையிலிருந்து ஈயோசினோஃபில் என்ற வெள்ளையணுக்களைக் கூப்பிடும். ஐ.ஜி.ஈ. போய், திசுக்களில் இருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த முறை புரதம் வந்து அந்த ஐ.ஜி.ஈ.களை ஒன்றோடொன்று இணைத்தால் செல்லுக்குள் இருக்கும் துகள்கள் வெடித்து ஹிஸ்டமின் கொட்டும். கடைசி நாளில் எலியின் மூச்சுக்குழாயில் சின்ன குழல் செருகி, உப்புநீரை உள்ளே விட்டு மெதுவாகத் திரும்ப உறிஞ்சுவார்கள். வருகிற நீர் லேசாகக் கலங்கலாக இருக்கும். அதைச் சுழற்றி, கண்ணாடித் தகட்டில் பரப்பிச் சாயம் போட்டுப் பார்த்தால், ஒன்றுமே செய்யாத எலியில் பெரிய பெரிய மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல்கள் மட்டும் சாம்பல் நீலமாகத் தெரியும். அலர்ஜி எலியில் தகடு முழுக்க இளஞ்சிவப்புத் துகள் நிறைந்த ஈயோசினோஃபில்கள். ஒரு தடவை பார்த்தால் போதும், எண்ணிப் பார்க்காமலே எந்த எலி எது என்று சொல்லிவிடலாம்.

சரி, இப்போது துத்தநாகம். ஒரு ஆளின் உடம்பில் மொத்தம் இரண்டு, மூன்று கிராம் துத்தநாகம் இருக்கும். முக்கால்வாசிக்கு மேல் தசையிலும் எலும்பிலும். ரத்தத் திரவத்தில் மிதப்பது மொத்தத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. நாம் பரிசோதனைக்குக் கொடுக்கிற ரத்தத்தில் அளப்பது அந்த ஒரு சதவீதத்துக்கும் குறைந்த பங்கைத்தான். அது சட்டைப்பையில் இருக்கும் சில்லறை, பீரோவில் இருக்கும் பணத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

அந்தச் சில்லறை எங்கே போகிறது என்பது 1970 வாக்கிலேயே ஓரளவு தெரிந்துவிட்டது. அமெரிக்க ராணுவத்தின் ஃபோர்ட் டெட்ரிக் ஆய்வகத்தில் பெகாரெக், பைசல் ஆகியோர் முயலின் வெள்ளையணுக்களிலிருந்து ஒரு சாறு எடுத்து எலிகளுக்குப் போட்டார்கள். கிருமி எதுவும் இல்லை, வெறும் சாறு. சில மணி நேரத்தில் எலியின் ரத்தத்தில் இரும்பும் துத்தநாகமும் இறங்கிவிட்டன. அதாவது வெள்ளையணுக்கள் கல்லீரலுக்கு ஏதோ ஒரு சேதி அனுப்புகின்றன. அந்தச் சேதிகளில் முக்கியமான ஒன்று இன்டர்லூகின்-6 என்று பின்னால் தெரிந்தது. 2005இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் லியூஸியும் கசின்ஸும் அதை முடிச்சுப் போட்டார்கள்: இன்டர்லூகின்-6 வந்ததும் கல்லீரல் செல் ஜிப்-14 என்ற துத்தநாகக் கடத்தியைத் தன் மேற்பரப்பில் கூட்டிக்கொள்கிறது, ரத்தத்திலிருந்து துத்தநாகம் உள்ளே போகிறது. உள்ளே மெட்டலோதயோனின் என்ற குட்டிப் புரதம் காத்திருக்கும், அதன் ஒவ்வொரு மூலக்கூறும் ஏழு துத்தநாக அயனிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இன்டர்லூகின்-6 மரபணு நீக்கிய சுண்டெலியில் டர்பன்டைன் ஊசியால் அழற்சி உண்டாக்கினால் ரத்தத் துத்தநாகம் அப்படி இறங்குவதில்லை.

டர்பன்டைன் என்பதைக் கவனியுங்கள். பெயிண்டில் கலக்கிற அதே சமாசாரம். அதற்கும் அலர்ஜிக்கும் ஒரு தொடர்பும் கிடையாது, வெறும் திசுக் காயம். அதற்கே துத்தநாகம் குறைகிறது என்றால், அலர்ஜி எலியில் துத்தநாகம் குறைந்ததை வைத்து அலர்ஜியைப் பற்றி நாம் என்ன தெரிந்துகொண்டோம்? உடம்பில் எங்கோ அழற்சி இருக்கிறது என்று தெரிந்துகொண்டோம், அவ்வளவுதான். செம்பும் அப்படியே. ரத்தத்தில் இருக்கும் செம்பில் பெரும்பகுதி செருலோபிளாஸ்மின் என்ற புரதத்துக்குள் இருக்கிறது, அழற்சி வந்தால் கல்லீரல் அந்தப் புரதத்தைக் கூடுதலாகச் செய்யும், செம்பு ஏறும். ஆனால் அது மெதுவான வேலை, துத்தநாகம் சில மணி நேரத்தில் இறங்கிவிடும், செம்பு ஏறித் தெரிய நாள் கணக்கில் ஆகும். ஊசி போட்ட அரை மணியில் ரத்தம் எடுத்தால் ஒரு படம், மறுநாள் எடுத்தால் வேறு படம், வாரம் கழித்து இன்னொரு படம். கட்டுரையில் நேரத்தை ஒரே ஒரு இடத்தில் சின்னதாகப் போட்டிருப்பார்கள், அதைத் தேடிப் பிடித்த பிறகுதான் அட்டவணையைப் பார்க்க வேண்டும்.

விலங்குக்கூடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இன்னும் சில சங்கடங்கள் தெரியும். எலிக்கூண்டு துத்தநாகப் பூச்சுக் கம்பியாக இருந்தால் எலி அதை நக்கியே தேவையான துத்தநாகத்தைத் தேடிக்கொள்ளும், துத்தநாகமில்லாத தீனி போட்டு என்ன பயன்? அதனால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது பிளாஸ்டிக் கூண்டு. ரத்தக் குழாயின் ரப்பர் மூடியிலிருந்து துத்தநாகம் கசியும், அதனால் நுண்தாதுப் பரிசோதனைக்கென்றே கருநீல மூடி போட்ட தனிக் குழாய். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைந்தால் போச்சு, திரவத்தில் இருப்பதைவிடச் சிவப்பணுவுக்குள் துத்தநாகம் அதிகம், அளவு பொய்யாக ஏறிவிடும். துத்தநாகமில்லாத தீனி கொடுத்தால் எலி சாப்பாட்டையே குறைத்துக்கொள்ளும், அப்புறம் நாம் பார்ப்பது துத்தநாகக் குறைவையா பட்டினியையா? அதற்காகவே இன்னொரு கூட்டத்துக்கு நல்ல தீனியை அதே குறைந்த அளவுக்கு எடை போட்டுக் கொடுப்பார்கள். இது எதுவும் இல்லாவிட்டாலும், எலியைப் பிடித்துக் கட்டிவைத்தாலே போதும், அந்தப் பதற்றத்தில் கல்லீரலில் மெட்டலோதயோனின் ஏறிவிடும். இதற்கெல்லாம் மேல், எதிர்ப்பு வினையைக் கூட்டுவதற்கென்று சேர்க்கும் ஃபிராய்ண்டின் துணைப்பொருள் மாதிரி எண்ணெயும் செத்த காசநோய்க் கிருமியும் கலந்த கலவையை ஊசி போட்டால் அதுவே பெரிய அழற்சி. துணைப்பொருள் மட்டும் போட்ட எலிகள் ஒரு கூட்டம் தனியாக இல்லையென்றால் நான் அந்தக் கட்டுரையை மூடிவைத்துவிடுவேன்.

அதிர்ச்சியின் முதல் சில நிமிடங்களில் மட்டும் துத்தநாகம் குறைய வேறொரு காரணமும் உண்டு, அது எனக்குப் பிடித்த ஒரு பழைய பரிசோதனையில் கண்ணாலேயே தெரியும். எலியின் முதுகு மயிரைச் சிரைத்து, அலர்ஜி எலியின் சீரத்தைத் தோலுக்குள் ஒரு சொட்டு ஏற்றுவார்கள். ஒரு நாள் போல விட்டு, வால் நாளத்தில் அந்த அலர்ஜிப் பொருளையும் ஈவான்ஸ் ப்ளூ என்ற சாயத்தையும் சேர்த்து ஏற்றுவார்கள். கொஞ்ச நேரத்தில், சீரம் போட்ட இடத்தில் மட்டும் வட்டமாக நீலம் பூக்கும். அரை மணி கழித்துத் தோலை உரித்து உள்பக்கம் பார்த்து வட்டத்தை ஸ்கேலால் அளப்பார்கள். என்ன நடக்கிறதென்றால், அந்தச் சாயம் ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், மாஸ்ட் செல் வெடித்து நாளச் சுவர் தளர்ந்ததும் ஆல்புமின் கசியும், கூடவே நீலமும். இப்போது யோசியுங்கள், ரத்தத் திரவத்தில் இருக்கும் துத்தநாகத்தில் பெரும்பங்கு ஒட்டியிருப்பதும் அதே ஆல்புமினில்தான். உடம்பு முழுக்க அதிர்ச்சி என்றால் உடம்பு முழுக்கக் கசிவு. மனிதரில் கடுமையான அனாஃபிலாக்சிஸ் வந்தால் நாளங்களில் இருக்கும் திரவத்தில் 35% வரை பத்து நிமிடத்தில் திசுக்களுக்குள் இறங்கிவிடலாம் என்பார்கள். ஆல்புமின் போகும் இடத்துக்குத் துத்தநாகமும் போகாமல் என்ன செய்யும்? இந்த முதல் நிமிடக் கசிவும் பின்னால் வரும் கல்லீரல் சேமிப்பும் அட்டவணையில் ஒரே மாதிரி "குறைவு" என்றுதான் தெரியும்.

இதுவரை சொன்னது எல்லாம் ரத்தத்தோடு நிற்கிற விஷயம். துத்தநாகம் அலர்ஜியில் உண்மையாகவே கை வைக்கிற இடம் மாஸ்ட் செல்லின் உள்ளே. அதன் துகள்களிலேயே துத்தநாகம் நிறைய இருக்கிறது. ஜப்பானில் ஹிரானோ தொஷியோ குழுவினர் 2006இல் துத்தநாகத்தைப் பிடித்து இழுத்துக்கொள்ளும் வேதிப்பொருளை மாஸ்ட் செல்லுக்குக் கொடுத்தபோது துகள் வெடிப்பதும் இன்டர்லூகின் மாதிரியான சைட்டோகைன்களின் உற்பத்தியும் அடங்கிப்போயின. அடுத்த வருடமே இன்னொன்றைக் காட்டினார்கள்: மாஸ்ட் செல்லைத் தூண்டியதும் சில நிமிடங்களில் செல்லின் உட்கருவைச் சுற்றியுள்ள பகுதியிலிருந்து துத்தநாகம் அலையாகக் கிளம்புகிறது. 2009இல் துத்தநாகக் கடத்தி ஒன்றை நீக்கிய சுண்டெலிகளில் பார்த்தால், மாஸ்ட் செல் சம்பந்தப்பட்ட தாமத வகைத் தோல் அலர்ஜி குறைந்தது, ஆனால் உடனடி அனாஃபிலாக்சிஸ் அப்படியே வந்தது. இந்த ஹிரானோதான் 1986இல் இன்டர்லூகின்-6இன் மரபணுவைப் பிரித்தெடுத்த குழுவில் முன்னால் நின்றவர் என்பது கூடுதல் ருசி.

அப்போ துத்தநாகம் அலர்ஜியைத் தூண்டுகிறதா? மாஸ்ட் செல்லைக் கேட்டால் ஆமாம் என்னும். மூச்சுக்குழலின் உள்சுவரைக் கேட்டால் இல்லை என்னும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் சலேவ்ஸ்கி குழுவினர் துத்தநாகத்தோடு சேர்ந்தால் ஒளிரும் சாயத்தை வைத்து மூச்சுக்குழல் சுவரைப் பார்த்தார்கள். அலர்ஜி எலியில் அந்தச் சுவர்ச் செல்களின் துத்தநாகம் குறைந்திருந்தது, துத்தநாகம் கொடுத்த எலிகளில் ஈயோசினோஃபில் வரத்து குறைந்தது, துத்தநாகமே இல்லாத தீனி சாப்பிட்டவற்றில் அழற்சி மோசமானது. ஒரே தாது, ஒரே நோய், ஒரு செல்லில் எண்ணெய் ஊற்றுகிறது, பக்கத்துச் செல்லில் காவல் காக்கிறது. மாத்திரை விழுங்குகிறவர் எந்தச் செல்லுக்குப் போகும் என்று முகவரி எழுதி விழுங்க முடியாது.

செலினியம் இன்னும் குசும்பு. அது ஆக்ஸிஜன் சேதத்தைத் தடுக்கிற குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் நொதியில் இருக்கிறது, அதனால் எவ்வளவுக்கு எவ்வளவு கூடுதலோ அவ்வளவுக்கு நல்லது என்று யாருக்கும் தோன்றும். ஹவாயில் ஹாஃப்மன் குழுவினர் 2007இல் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று வகை செலினியத் தீனி கொடுத்து ஓவால்புமின் அலர்ஜி உண்டாக்கினார்கள். அழற்சி அதிகம் வந்தது நடுத்தர எலிகளுக்கு. குறைவாகச் சாப்பிட்டவையும் அதிகமாகச் சாப்பிட்டவையும் தப்பின. அலர்ஜி வினையைக் கிளப்பவே டி-செல்லுக்குக் கொஞ்சம் செலினியம் தேவைப்படுகிறது என்று எடுத்துக்கொண்டால் இது புரியும். நேர்கோடு போட்டுப் பார்க்கிறவர்களுக்குத்தான் தலை சுற்றும்.

கடைசியாக நிக்கல், ஏனென்றால் இதில் தாதுவே அலர்ஜிப் பொருள். கவரிங் கம்மல் போட்டுக் காது புண்ணானவர்கள், ஜீன்ஸ் பட்டன் படுகிற இடத்தில் தொப்புளுக்குக் கீழே அரித்துக் கறுத்துப்போனவர்கள் எல்லார் வீட்டிலும் ஒருவராவது இருப்பார். ஐரோப்பாவில் இதற்காகவே 1994இல் நகைகளிலிருந்து வெளியேறும் நிக்கலுக்கு வரம்பு கட்டினார்கள். மனிதருக்கு இவ்வளவு சாதாரணமாக வருகிற இந்த அலர்ஜியைச் சுண்டெலிக்கு வரவைக்க மட்டும் ஆய்வாளர்கள் படாதபாடு பட்டார்கள். வெறும் நிக்கலைத் தேய்த்தாலும் ஊசி போட்டாலும் சுண்டெலி லேசில் மசியவில்லை. 2007இல் ஜப்பானில் ஒரு குழு நிக்கலோடு பாக்டீரியாவின் உறைப்பொருளான லிப்போபாலிசாக்கரைடைச் சேர்த்துக் கொடுத்தது, உடனே வேலை செய்தது. ஏன் என்பது 2010இல் ஜெர்மனியிலிருந்து வந்த கட்டுரையில் தெளிவானது. பாக்டீரியா வந்திருக்கிறது என்று செல்லுக்குச் சொல்லுகிற டி.எல்.ஆர்-4 என்ற ஏற்பி இருக்கிறதே, மனித வகையில் அதன் 456ஆம், 458ஆம் இடங்களில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. நிக்கல் நேராக வந்து அங்கே ஒட்டிக்கொண்டு, பாக்டீரியாவே வராதபோதும் ஏற்பியை உசுப்பிவிடுகிறது. சுண்டெலியின் ஏற்பியில் அந்த இரண்டு ஹிஸ்டிடின்களும் இல்லை. சுண்டெலியின் சொந்த டி.எல்.ஆர்-4ஐ நீக்கிவிட்டு மனிதனுடையதை வைத்ததும் அதற்கும் நிக்கல் அலர்ஜி வந்தது. ஜப்பான்காரர்கள் சேர்த்த லிப்போபாலிசாக்கரைடு உசுப்புவதும் இதே ஏற்பியைத்தான், நிக்கலால் சுண்டெலியில் செய்ய முடியாமல் போனதை அது செய்து கொடுத்திருக்கிறது. கோபால்ட்டும் மனிதரில் இதே இரண்டு ஹிஸ்டிடின்களில்தான் போய் ஒட்டுகிறது என்று பிறகு கண்டார்கள்.